மூன்று காட்டுக்கு ஒரு பை மண்

ஜனவரி 21, செவ்வாய்

காலையில் மோட்டார் ஓடவில்லை. எதிர்வீட்டுக் கெங்கையா வந்து ஏதோ ஒரு வயரைத் தட்டினார், ஓடியது. “அடுத்த தடவ நின்னாலும் கூப்பிடுங்க டீச்சர், எனக்கு மட்டுந்தான் இது பயப்படும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் பெண்களுக்குக் கூட்டம். நர்ஸ் ஜெபக்கனி நேற்றே வந்து கேட்டிருந்தாள். “நான் வாயத் தொறந்தா ஊசி போட வந்துட்டேன்னு ஓடுறாங்க. நீங்க பேசுங்க டீச்சர். முப்பது வருசம் அறிவியல் எடுத்தவங்க சொன்னா கேப்பாங்க.”

விஷயம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். முன்பெல்லாம் டாக்டர் முன்னால் படுத்துத்தான் பரிசோதனை. அந்தக் கூச்சத்திலேயே யாரும் போவதில்லை. இப்போது ஒரு பஞ்சுக் குச்சி கொடுக்கிறார்கள். மறைவாகப் போய், அவரவரே உள்ளே வைத்துச் சுற்றி எடுத்து, சின்ன ட்யூபில் போட்டு மூடிக் கொடுத்தால் போதும். அந்த நோயை உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்துச் சொல்வார்கள். கிருமி இருந்தால் நோய் என்று அர்த்தமில்லை. மேற்கொண்டு பார்த்து, நோயாக மாறும் முன்பே தடுத்துவிடலாம்.

சீனியம்மாள்தான் முதலில் கேட்டாள். கெங்கையாவின் தம்பி பொண்டாட்டி. வாய்க்குப் பூட்டு இல்லாதவள். “குச்சி நுனியில ஒட்டுனத வச்சு உள்ள இருக்கிறத எப்படி டீச்சர் சொல்லுவாக? குறி கேக்கிற மாதிரியா?”

ஒரே சிரிப்பு. இப்படிக் கேட்டால்தான் எனக்கு உற்சாகம் வரும். “அக்ரி ஆபீசுக்கு மண் பரிசோதனைக்குக் கொடுக்கிறீங்களே, காட்டையே தூக்கிட்டா போறீங்க? ஒரு கைப்பிடி மண்தானே? அதை வைத்து முழுக் காட்டுக்கும் சத்து இருக்கா, உப்பு இருக்கான்னு சொல்லிடறாங்க இல்லையா? அதே மாதிரிதான் இதுவும்.”

முகங்கள் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கெங்கையாவின் மனைவி வெள்ளத்தாய் எழுந்தே நின்றுவிட்டாள். “ஆமா டீச்சர், நாங்க போன வருசம் குடுத்தோம். எங்க காடு, கொழுந்தன் காடு, பெரியவுக காடு மூணுக்கும் சேத்து ஒரே பை. எல்லாம் ஒரே கரிச மண்ணுதான!” அதற்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன். எடுத்துக்காட்டு இத்தனை சீக்கிரம் போய்ச் சேர்ந்து நெடுநாள் ஆகிறது.

கடைசியில் அறிகுறிகளைச் சொன்னேன். மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடி ரத்தம் படுவது, நாற்றத்தோடு வெள்ளை படுவது, கணவனோடு சேர்ந்தபின் ரத்தம் வருவது. டீ வந்துவிட்டதால் இதைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லி முடிக்க வேண்டியதாயிற்று.

ஜனவரி 24, வெள்ளி

பால்வாடிக் கட்டிடத்தில் குச்சி கொடுத்தார்கள். முதல் ஆளாக நான் போய் எடுத்துக் கொடுத்தேன். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஜெபக்கனிக்குப் பெயர் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.

எங்கள் தெருக்காரர்கள் குச்சியை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்கு மொத்தமாகப் போனார்கள். உள்ளே சிரிப்பும் கும்மாளமுமாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சீனியம்மாள் ஐந்து ட்யூப்களையும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளிடம் இவ்வளவு பொறுப்பை நான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளத்தாய் வாசலில் நின்று, மிளகாய்ச் செடிக்கு மருந்தடிக்க வருகிறேன் என்று சொல்லி வராத ஆளைப் போனில் வறுத்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. மகன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். வரச்சொல்கிறான். இங்கே எனக்கு வேலை இருக்கிறது என்றேன். சொல்லும்போது சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 19, புதன்

பரிசோதனை முடிவு எழுதிய அட்டை வந்துவிட்டது. ஊரில் இரண்டு பேருக்கு மட்டும் கிருமி இருக்கிறதாம். இருவரையும் ஜெபக்கனி மேல்பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். எங்கள் தெருவில் ஒருவருக்கும் இல்லை. “உங்க தெரு சுத்தமான தெரு டீச்சர்” என்றாள்.

வெள்ளத்தாயின் அட்டையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். “ஒண்ணும் இல்லைன்னுதான் போட்டிருக்கு?” “இல்லைன்னுதான் போட்டிருக்கு.” “நல்லாப் பாத்துச் சொல்லுங்க டீச்சர்.” மறுபடி படித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். இதற்குப் போய் அழுவாளா என்று எனக்கு ஆச்சரியம். எவ்வளவு பயத்தை உள்ளே வைத்துக்கொண்டு இந்தப் பெண்கள் நடமாடுகிறார்கள்! ஒரு அட்டை அதைப் போக்கிவிடுகிறது.

மார்ச் 16, ஞாயிறு

மொட்டை மாடியில் வடகம் பிழிந்தோம். நல்ல வெயில். வழக்கமாக வெள்ளத்தாய்தான் பிழிகிற உழக்கை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வருவாள். உப்புப் பார்ப்பதும் அவள்தான். இந்த முறை கேட்டுக்கு வெளியே நின்றே பேசினாள். மிளகாய் பறித்த கையாம், மாவில் பட்டால் காந்துமாம். உப்புப் பார்க்கச் சொல்லி ஒரு வாய் மாவை நீட்டினேன். பின்னுக்கு நகர்ந்து, “சீனிகிட்டக் குடுங்க” என்றாள்.

சீனியம்மாள் பார்த்த உப்பு. எல்லா வடகமும் கரிக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

வெள்ளத்தாய் பழைய வேட்டி இருக்கிறதா என்று கேட்டாள். இறந்துபோன என் கணவருடையது நாலைந்து பெட்டியில் இருந்தது. இத்தனை வருடமாக என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தேன். மெத்தென்ற துணி, அடுப்படிக்கு நன்றாக உதவும். கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் இன்னும் இருந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். ஒரு வீட்டு அடுப்படிக்கு இத்தனை துணியா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பங்குனிப் பொங்கல். கோயில் வாசலில் வரிசையாகப் பானைகள். கெங்கையா வீட்டுப் பானையைச் சீனியம்மாள் இறக்கினாள். வெள்ளத்தாய்க்கு மூட்டு வலியாம், ஊருணிக் கரையோடு நின்றுவிட்டாள். எனக்கும் மூட்டு வலிதான். நல்லெண்ணெய் தடவச் சொன்னேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

முதலில் நான் சிரித்துவிட்டேன் என்பதை எழுதிவைக்க வேண்டும்.

சீனியம்மாள் வீட்டு முற்றத்தில் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஆள் தும்மல். அடுத்த மாதம் கல்லூரணிப்பட்டியிலும் இதே மாதிரி கூட்டம் போடலாமா என்று ஜெபக்கனி கேட்டிருப்பதைச் சொன்னேன்.

“அங்கயும் நான்தான் வரணுமா டீச்சர்? ஒரு ஊருக்குக் குடுத்தே எனக்கு அலுத்துப் போச்சு” என்றாள் சீனியம்மாள்.

“உனக்கென்ன அலுப்பு? கிண்ணத்தைத் தூக்கிட்டு வந்ததுதானே?”

“கிண்ணமா? அஞ்சு குச்சிக்கும் குடுத்தது யாராம்? இவளுக எல்லாம் ‘நீ போ, நீ போ’ன்னு நெளியுறாளுக. வெள்ளத்தாயக்கா காதுல வச்ச போன விடமாட்டேங்கிறா. கொண்டாங்கடின்னு எல்லாத்தையும் வாங்கி நானே முடிச்சிட்டேன். ஒரே வளவுக்குள்ள குடித்தனம், ஒரே காட்டுச் சோளம், ஒரே தண்ணி. மூணு காட்டுக்கு ஒரு பை மண்ணு குடுக்கலியா? அதான் டீச்சர்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கையிலிருந்த வற்றல் தரையில் விழுந்தது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

ஏப்ரல் 21, திங்கள்

காலையிலேயே துணை சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சொன்னேன். ஜெபக்கனி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாலு பேருக்கும் மறுபடி எடுக்கலாம், குச்சி இருக்கிறது என்றாள். பிறகு, “எப்படி டீச்சர் இவங்களுக்கு இப்படித் தோணுச்சு?” என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மற்ற மூன்று பேரும் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். வெள்ளத்தாயை அவள் வீட்டுப் பின்பக்கத்தில் பார்த்தேன். துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு எதுக்கு டீச்சர் மறுபடியும்? எடுக்கிறதுன்னாலும் இது நிக்கட்டும்.”

“எது நிக்கட்டும்?”

“அதான். திரும்ப வருதே.” சிரித்தாள். “நின்னு மூணு வருசம் ஆச்சு. இப்ப வயசு திரும்புது. எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னா புதுச் சேல கேப்பேன்னு ஓடிருவாரு.”

எப்போதிருந்து என்று கேட்டேன். துணி அலசும் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது.

“மார்கழியிலயே லேசாப் பட்டுச்சு. பயமாத்தான் இருந்துச்சு. நீங்க கூட்டத்துல சொன்னீகள்ல, ரத்தம் பட்டாக் காட்டணும்னு. காட்டிருவோம்னுதான் இருந்தேன். அப்புறம் அந்த அட்டை வந்துருச்சா, மனசு ஆறிப்போச்சு. ஒண்ணும் இல்லைன்னு நீங்கதான ரெண்டு தடவ படிச்சுக் காட்டுனீக?”

அலசித் தொட்டிச் சுவரில் போட்டிருந்த துணியைப் பார்த்தேன். சாயம் போன பச்சைக் கரை. நான் கொடுத்த அவருடைய வேட்டி.

வகுப்பில் பதில் தெரியாத பிள்ளையை நான் ஒருநாளும் அதட்டியதில்லை. இன்று வெள்ளத்தாயை அதட்டினேன். இப்போதே கிளம்பு என்றேன். அவள் ஈரக் கையோடு என் கையைப் பிடித்து, “தண்ணி குடிக்கிறீகளா டீச்சர்? மொகமெல்லாம் வேர்க்குது” என்றாள்.

ஏப்ரல் 23, புதன்

வெள்ளத்தாய் என்னை முந்திக்கொண்டு கெங்கையாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்துவந்து நீட்டினார். “கவர்மெண்டு சீல் இருக்கு டீச்சர்.”

அது உங்கள் மனைவியுடையது இல்லை, சீனியம்மாளுடையது என்றேன். அவளே எடுத்துக் கொடுத்திருந்தாலும்கூட, ரத்தம் பட்டால் அட்டையைப் பார்க்கக் கூடாது, ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். தலையைத் தலையை ஆட்டினார். நல்ல மனிதர், மனைவியை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். “மிளகாய் எடுத்து முடிச்சிரட்டும். இப்ப விட்டா அம்புட்டும் உதுந்து போகும். அவ இல்லாம ஆள் சேராது. இத்தன நாள் இருந்துட்டு, பத்து நாள்ல என்ன ஆயிரப் போகுது?”

இதற்கு ஒரு எடுத்துக்காட்டு என் வாய்வரை வந்தது. மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

போனேன். மிளகாய்க் காட்டில் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 30, புதன்

ஜெபக்கனியும் வந்து பேசினாள். சீனியம்மாள் நாலு நாளாக என் வீட்டுப் பக்கம் வரவில்லை. இன்று தண்ணீர்க் குழாயடியில் பார்த்தேன். குடம் நிரம்பி வழிகிறது, எடுக்காமல் நிற்கிறாள். “நான் நல்லதுன்னுதான டீச்சர் செஞ்சேன்?” என்றாள். ஆமாம் என்றேன். “யக்காவுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல?” குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டேன்.

மே 5, திங்கள்

நான் சொல்லியும் நர்ஸ் சொல்லியும் நடக்காதது சீனியம்மாளால் நடந்தது. காலையில் காட்டுக்கே போய், பறித்த சாக்கைக் கவிழ்த்துவிட்டு, “யக்கா வராம இனி ஒரு மிளகாய்கூட நான் எடுக்கமாட்டேன். நீங்களாச்சு ஒங்க காடாச்சு மச்சான்” என்று கெங்கையாவிடம் கத்தினாளாம். ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டர் சின்னப் பெண். பரிசோதித்துவிட்டு வெளியே வந்து கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள்.

மே 8, வியாழன்

மதுரை. சதைத் துண்டு எடுத்திருக்கிறார்கள். முடிவு வர நாளாகும். வெள்ளத்தாய் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் யார் காட்டில் மழை பெய்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மே 14, புதன்

வடகத்தை எடுத்து மறுபடி வெயிலில் காயவைத்தேன். மறுபடி குச்சி கொடுத்த மற்ற மூன்று பேரின் முடிவும் வந்துவிட்டது. ஒன்றும் இல்லை.

மே 22, வியாழன்

புற்றுநோய்தான்.

ஜூன் 3, செவ்வாய்

ஸ்கேன் பார்த்த டாக்டர் பொறுமையானவர்; எங்களை உட்காரவைத்துப் பேசினார். கர்ப்பப்பை வாயோடு நிற்கவில்லை, பக்கத்திலும் பரவியிருக்கிறது. ஆபரேஷன் செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. கதிர்வீச்சும் வாரம் ஒரு மருந்தும் கொடுக்கலாம். பலருக்குக் கேட்கிறது என்றார். எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

“கரண்டு வைப்பாகளாம் டீச்சர்” என்றாள் வெள்ளத்தாய், வெளியே வந்து. “நம்ம ஊர்ல இருக்கிற கரண்டு மாதிரி நடுவுல நின்னு போகுமா?” கெங்கையா சிரிக்க முயன்றார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். “பத்து நாள்ல என்ன ஆயிரப் போகுதுன்னு சொன்னேனே” என்று அந்தச் சுவரிடம் சொன்னார். பத்து நாளால் ஆனதில்லை என்று சொல்லித் தேற்றினேன். அது உண்மைதான். மார்கழியிலிருந்து சித்திரைவரை போன மாதங்களைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

மோட்டார் நின்றுவிட்டது. கெங்கையா மதுரையில். நானே அந்த வயரைத் தட்டிப் பார்த்தேன். எல்லா வயரையும் தட்டிப் பார்த்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

மதுரைக்குப் போயிருந்தேன். ஜெபக்கனி பார்த்துக் கொடுத்த மடத்தில் தங்கியிருக்கிறார்கள். வெள்ளத்தாய் பாதியாகிவிட்டாள். எது கொடுத்தாலும் குமட்டுகிறது. ரசம் வைத்துக் கொண்டுபோனேன், மூன்று வாய் குடித்தாள். “வடகம் எப்படி டீச்சர் வந்துச்சு?” என்றாள். நன்றாக வந்தது என்றேன். “பொய். சீனி சொல்லிட்டா, ஒரே உப்பாம்.” அவள் சிரித்ததும் குமட்டல் வந்து, நான் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பாத்திரத்தைப் பிடிப்பதைத் தவிர அங்கே எனக்கு வேறு வேலை ஒன்றுமில்லை.

ஜூலை 30, புதன்

மகன் மறுபடி கூப்பிடுகிறான். குரலில் களைப்பு தெரிகிறதாம். கல்லூரணிப்பட்டிக் கூட்டத்தை ஜெபக்கனி இரண்டு முறை தள்ளிவைத்துவிட்டாள். என்னை எதிர்பார்த்துத்தான். கண் சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெள்ளத்தாய் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. கரண்டு முடிந்தது. மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால்தான் என்ன ஆயிற்று என்று தெரியும். கெங்கையா காட்டுக்குப் போகும் நேரம் நான் போய் உட்கார்ந்துகொள்கிறேன். இன்று தலை வாரிவிட்டேன். சீப்பில் முடி கொத்தாக வந்தது. அவள் பார்க்குமுன் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன்.

முதுகைக் காட்டியபடியே கேட்டாள். “டீச்சர், என் குச்சிய நானே வச்சுக் குடுத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமா?”

நுனியில் இல்லாத சிக்கை எடுத்தேன்.

“சொல்லுங்க. ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?”

தெரிந்திருக்கும் என்றால் அவள் சீனியம்மாளை எப்படிப் பார்ப்பாள்? தெரிந்திருக்காது என்றால் அந்தக் குச்சியையே நான் பொய்யாக்கியவளாவேன். “கொஞ்சம் முன்னாலேயே வைத்தியம் ஆரம்பிச்சிருக்கலாம்” என்றேன்.

மடியிலிருந்த ரப்பர் பேண்டை எடுத்துப் பின்னால் நீட்டினாள். பிறகு, “நீங்க அன்னைக்கு மண்ண வச்சுச் சொன்னீகள்ல, எவ்வளவு நல்லாப் புரிஞ்சுச்சு தெரியுமா டீச்சர்?” என்றாள். குத்திக்காட்டவில்லை. பாராட்டித்தான் சொன்னாள்.

வெந்நீர் வைக்க எழுந்து போனேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஜெபக்கனியிடம் போய், அவர்களுக்கு எப்படித் தோன்றியது என்று எனக்குத் தெரியும் என்று சொன்னேன். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “கல்லூரணிப்பட்டிக்கு என்னைக்கு வாரீங்க?” என்றாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

கல்லூரணிப்பட்டி. பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். வேம்பு நிழல், ஆடுகள், கைக்குழந்தைகள். டீயைக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும் என்று முன்னதாகவே சொல்லிவைத்திருந்தேன்.

இன்று எடுத்துக்காட்டு எதுவும் சொல்லவில்லை. முதலில் அறிகுறிகளைச் சொன்னேன். மெதுவாக, இரண்டு முறை. மாதவிலக்கு நின்றவளுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் ஆஸ்பத்திரி. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் ஆஸ்பத்திரி. பிறகு குச்சியைக் காட்டி, உன்னுடையதை நீதான் எடுக்க வேண்டும், அக்கா தங்கையாக இருந்தாலும் அவள் உடம்பு வேறு உன் உடம்பு வேறு என்றேன். வறட்சியான பேச்சு. பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் எழுந்து நின்று ஆமா டீச்சர் என்று சொல்லவில்லை.

குச்சி கொடுத்து முடியும் நேரம் ஒரு பெண் வந்தாள். பேர் ராக்கம்மாள். தன்னுடையதைக் கொடுத்துவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். “எங்க அக்கா சந்தைக்குப் போயிருக்கா டீச்சர். பேரு கொடுத்திருக்கா. அவளுக்கும் சேத்து நானே குடுத்துரட்டா? ஒரு வயித்துப் பிள்ளைகதான?”

இவளுக்கு நான் மண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே வருகிறது. அவள் நீட்டிய கையைப் பார்த்தேன். என் எடுத்துக்காட்டால் மட்டும் வந்ததில்லை என்று ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இல்லை. இன்னும் எத்தனை ஊர், எத்தனை கை.

“அக்கா வரட்டும். நான் இருக்கிறேன்” என்றேன்.

“அவ வர எருமைக கொட்டத்துக்குத் திரும்பிரும்!”

“பரவாயில்லை.”

ஜெபக்கனி ட்யூப்களை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அக்காவுடையதைக் காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு குச்சியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஊருக்குப் போகும் பஸ்ஸும் போயிற்று. வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளத்தாய் போன் செய்தாள். கெங்கையா இன்னும் காட்டிலிருந்து வரவில்லையாம், தனியாக இருக்கிறாளாம்.

“நேரமாகுமா டீச்சர்?”

“ஆகும்போல. ஒரு ஆள் வரணும். அவளுக்குப் பதிலாத் தங்கச்சி கொடுக்கிறேன்கிறா.”

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். நடந்தாலும் இருட்டுமுன் பாதித் தூரம் போகலாம்.

“இருங்க டீச்சர்” என்றாள். “இருந்து, அவ கையால வாங்கிட்டே வாங்க. நான் கதவச் சாத்திக்கிடுதேன்.”

எருமைகள் திரும்பின. அவற்றுக்குப் பின்னால் ஒரு பெண், தலையில் காய்கறிக் கூடையும் கையில் ஒரு சேவலுமாக வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“யாரு நீங்க? யாருக்காக ஒக்காந்திருக்கீக?”

“உங்களுக்காகத்தான்” என்று சொல்லி எழுந்து, சேவலை வாங்கிக்கொண்டு குச்சியை அவள் கையில் கொடுத்தேன்.